முந்திரிகைப் பழமும் மதுவரியும்: கமக்காரர் போடவேண்டிய கணக்கு



சென்ற சிறுபோகத்துக்கு முன்னர் இரணைமடு வாய்க்கால் ஓரத்திலே கூடிய ஒரு கூட்டத்தில், வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, கொழும்பிலே ஒரு போத்தல் வைன் ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விலைப்படுகின்றதாம். அது முந்திரிகைப் பழத்தின் சாறுதானே? எனது மேட்டு நிலம் ஒரு ஏக்கர் சும்மா கிடக்கின்றது. நெல்லை விட்டு முந்திரிகை நட்டால் என்ன? நகையை அடைவு வைத்தாவது பந்தர் போட்டுவிடலாமே” என்றார்.

கேள்வி நியாயமானது. இரணைமடுக் குளத்தின் கீழ் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு. காலபோகத்தில் மழையும் குளமும் சேர்ந்து கைகொடுக்கும். சிறுபோகத்திலோ குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது; கூட்டத்தில் தீர்மானித்த அளவுக்கே விதைப்பு நடைபெறும். ஆதலின், கிணற்று நீரைக் கொண்டு குறைந்த நிலத்தில் நிறைந்த பணம் தரும் பயிர் எது என்று தேடுவது கமக்காரருக்கு இயல்பே. ஆயினும் நகையை அடைவு வைக்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும். போத்தலின் விலை எங்கே போகின்றது? அதில் வரி எவ்வளவு? பழம் விளைவித்தவனுக்கு எஞ்சுவது எவ்வளவு? பழத்தின் தரத்தை யார் தீர்மானிக்கின்றார்? இவற்றுக்கு விடை கூறுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது முன்னோர் மொழி. விதைத்து முடிந்தபின் பார்க்கும் கணக்கையே அது குறிக்கும். விதைக்குமுன் பார்க்கும் கணக்கு உழக்கையும் காக்கும், நகையையும் காக்கும்.

முந்திரிகை நமக்குப் புதிதன்று

தமிழகத்தார் திராட்சை என்று கூறும் கொடியையே நாம் முந்திரிகை என்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலே இக்கொடி பல்லாண்டுகளாகப் பந்தரில் வளர்க்கப்பட்டு வருகின்றது. ‘இஸ்ரேல் புளூ’ எனப்படும் கருநீலப் பழ இனமே அங்கு பெரிதும் காணப்படுவது. வன்னிப் பெருநிலப்பரப்பிலும் நீர் வடியும் மேட்டு நிலமும் நல்ல கிணறும் உள்ள இடங்களில் இக்கொடி காய்க்கும்.

நமது முந்திரிகை பெரும்பாலும் உண்ணும் பழமாகவே விலைப்படுகின்றது. இதனை மனத்தில் இருத்துக. மதுவுக்கென்று வளர்க்கும் இனங்கள் வேறு. அவற்றின் பழம் சிறியது, தோல் தடித்தது, விதை மிகுந்தது, சந்தையில் உண்பதற்கு அதனை விரும்பி வாங்குவார் குறைவு. மது செய்வோன் வாங்காது கைவிட்டால், அப்பழத்தைக் கொண்டுசெல்ல வேறு சந்தை கிடைப்பது அரிது. நெல்லை ஆலைக்காரன் வாங்காவிட்டால் அவித்துக் குற்றி உண்ணலாம். மதுவுக்கான பழத்துக்கு அத்தகைய இரண்டாம் வழி இல்லை.

மதுவின் மீது வரி விதிக்கும் முறைகள்

மதுவின் மீது அரசு வரி விதிப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, திறைசேரிக்கு வருமானம் தேடுதல். மற்றொன்று, விலையை உயர்த்திக் குடியைக் குறைத்தல். குடியினால் குலைந்த குடும்பங்களை நமது ஊர்களிலும் கண்டிருக்கின்றோம். ஆதலின் இரண்டாவது காரணத்தை எவரும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. இலங்கையில் மதுசெய்தல், வைத்திருத்தல், விற்றல் யாவும் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அடங்கும். அனுமதிப்பத்திரமின்றி வீட்டிலே மது செய்து விற்பது குற்றம். பழம் மிகுந்துவிட்டதே என்று பானையில் ஊறவைத்து விற்க எண்ணுவோர் இதனை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

வரி விதிக்கும் முறைகளை மூன்றாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, மரத்தின் மீது விதிக்கும் வரி. இதனை நமது முதியோர் நன்கு அறிவர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் பகுதியிலே பனங்கள்ளுக்கு மரவரி முறை இருந்தது. சீவும் மரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி கட்டவேண்டும். மரம் இரண்டு போத்தல் தந்தாலும் ஐந்து போத்தல் தந்தாலும் வரி ஒன்றே. முட்டியைக் கழுவித் துப்புரவாக இறக்கிய கள்ளுக்கும், புளித்துக் கெட்ட கள்ளுக்கும் வரி ஒன்றே. இம்முறை சீவுவோனை நன்கு சுரக்கும் மரத்தைத் தேடச் செய்யும். தரத்தைத் தேடச் செய்யாது.

இரண்டாவது, அளவின் மீது விதிக்கும் வரி. போத்தலில் எத்தனை இலீற்றர் உண்டு, அதில் எவ்வளவு மதுசாரம் உண்டு என்று அளந்து விதிப்பது இது. இலங்கையில் சாராயம் முதலிய வடித்த மதுவகைகளுக்கு மதுசாரத்தின் அளவையொட்டியே மதுவரி விதிக்கப்படுகின்றது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மதுசாரமுள்ள 750 மில்லிலீற்றர் வைன் போத்தலில் தூய மதுசாரம் 90 மில்லிலீற்றர் உண்டு. அதே அளவான சாராயப் போத்தலில் அதனைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் உண்டு.

மூன்றாவது, விலையின் மீது விதிக்கும் வரி. நூறு ரூபாவுக்கு இத்தனை ரூபா என்பது இது. 2024 ஆம் ஆண்டு சனவரி முதல் இலங்கையில் பெறுமதிசேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்த்தப்பட்டது. இவ்வரி மதுவரி சேர்ந்த விலையின் மீதே கணக்கிடப்படும். அதாவது வரியின் மீதும் வரி ஏறும். பிறநாட்டிலிருந்து வரும் வைனுக்குத் துறைமுகத்திலே இறக்குமதித் தீர்வைகளும் உண்டு.

ஒரு போத்தலின் கணக்கு

இனி நமது பெரியவரின் கேள்விக்கு வருவோம். பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குதற்பொருட்டு யாம் எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல.

750 மில்லிலீற்றர் வைன் செய்வதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோப் பழம் வேண்டும். பழத்தின் விலை 300 ரூபா என்க. போத்தல், மூடி, கூலி, மின்சாரம், மாதக்கணக்கில் காத்திருக்கும் முதலுக்கு வட்டி, கெட்டுப்போவதால் வரும் நட்டம், செய்வோனின் ஆதாயம் யாவும் சேர்ந்து 500 ரூபா என்க. போத்தல் ஆலையிலிருந்து 800 ரூபாவுக்கு வெளியேறுகின்றது. அதன்மீது பலவகை வரிகள் 900 ரூபா ஏறுகின்றன. கடைக்காரனின் பங்கு 300 ரூபா. ஆகக் கடை விலை 2,000 ரூபா.

இந்த 2,000 ரூபாவில் கமக்காரனின் பங்கு 300 ரூபாதான். நூற்றுக்குப் பதினைந்து. அந்த 300 ரூபாவிலும் எருவும், மருந்தும், பந்தர்க் கம்பியும், நீரிறைக்கும் செலவும் கழியவேண்டும்.

அடுத்த ஆண்டு அரசு வரியை மேலும் 200 ரூபா உயர்த்துகின்றது என்க. கடை விலை 2,200 ஆகின்றது. பழத்தின் விலையோ ஒரு சதமும் உயராது. விலை உயர்வால் வாங்குவோர் குறைந்தால் மது செய்வோன் என்ன செய்வான்? வரியைக் குறைக்க அவனால் முடியாது. போத்தலின் விலையைக் குறைக்கவும் முடியாது. பழக்காரனிடந்தான் வருவான்; “இம்முறை 250 ரூபாதான் தரலாம்” என்பான். ஆதலின் கடையிலே வைன் விலை ஏறியது என்று கேள்விப்பட்டவுடன் பழத்துக்கும் விலை ஏறும் என்று எண்ணுவது தவறு. சில வேளைகளில் ஒன்று ஏற மற்றொன்று இறங்கும்.

வரிக்கும் தரத்துக்கும் உள்ள தொடர்பு

வரி விதிக்கும் முறை தரத்தையும் பாதிக்கும். இதனை இன்னொரு சிறு கணக்கினால் காட்டுவோம். கடைக்காரனின் பங்கை இங்கே விட்டுவிடுவோம்.

ஆலையில் 800 ரூபா பெறுமதியான சாதாரண வைன் ஒன்று. 1,200 ரூபா பெறுமதியான மேலான வைன் ஒன்று. போத்தலுக்கு 900 ரூபா என்று அளவின்மீது வரி விதித்தால், முதலாவது 1,700 ரூபாவும் இரண்டாவது 2,100 ரூபாவும் ஆகும். தரத்தின் வேறுபாடு 400. விலையின் வேறுபாடும் 400. வாங்குவோன் “இன்னும் கொஞ்சம் கொடுத்து நல்லதை வாங்குவோம்” என்பான்.

நூற்றுக்கு நூறு என்று விலையின்மீது வரி விதித்தால், முதலாவது 1,600 ரூபாவும் இரண்டாவது 2,400 ரூபாவும் ஆகும். தரத்தின் வேறுபாடு 400 ஆயிருக்க, விலையின் வேறுபாடு 800 ஆகிவிடுகின்றது. வாங்குவோன் மலிவானதையே நாடுவான். செய்வோனும் மலிவான பழத்தையே தேடுவான். இந்தியாவிலே பிறநாட்டு வைனுக்கு நீண்டகாலம் நூற்றுக்கு 150 என்று இறக்குமதித் தீர்வை இருந்தது. அத்தகைய தீர்வையின் கீழ்ச் சாதாரண வைனும் அரிய பொருளின் விலைக்கு விற்கப்படும் என்பது வெளிப்படை. உயர்ந்த விலை எப்பொழுதும் உயர்ந்த தரத்துக்கு அடையாளமன்று. சில வேளைகளில் அது வரிக்கு மட்டுமே அடையாளம்.

வெப்ப நாடுகளில் இன்னுமொரு தொல்லை உண்டு. வைன் வெப்பத்தினால் கெடும் பொருள். வெயிலில் நின்ற கொள்கலத்திலும், காற்றோட்டமில்லாத களஞ்சியத்திலும் கிடந்த போத்தலின் உள்ளிருப்பது செய்த இடத்திற் சுவைத்த அதே பொருளன்று. ஆனால் வரி முழுவதும் கட்டப்பட்டாயிற்று, விலை குறையாது. தக்காளியை மதிய வெயிலில் லொறியில் ஏற்றித் தம்புள்ளைக்கு அனுப்பிய நம்மவர்க்கு இத்தொல்லையை விளக்கவேண்டியதில்லை.

பிறநாட்டாரின் அனுபவம்

மகாராட்டிர மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2001 ஆம் ஆண்டில் அம்மாநில அரசு, உள்ளூர்த் திராட்சையிலிருந்து வைன் செய்வோர்க்கு மதுவரிச் சலுகை அளித்துக் கொள்கை ஒன்றை வகுத்தது. நாசிக் பகுதியிலே வைன் ஆலைகள் விரைவாகப் பெருகின. கமக்காரர் பலர் உண்ணும் பழக் கொடியை விட்டு மதுவுக்கான கொடியை நட்டனர். 2008 ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதாரம் தளர்ந்தது. வைன் வாங்குவோர் குறைந்தனர். ஆலைகளில் சரக்குத் தேங்கியது. ஆலைகள் சில மூடப்பட்டன. பழத்தை வாங்க ஆளின்றிக் கமக்காரர் பலர் தாம் நட்ட கொடிகளைத் தாமே பிடுங்கி எறிந்தனர். சலுகை நல்லதே, ஆனால் வாங்குவோன் ஒருவனே என்ற நிலையில் நடப்பட்ட பயிருக்குச் சலுகை காவலாகாது.

தாய்லாந்து நாட்டைப் பாருங்கள். அதுவும் நம்மைப்போன்ற வெப்ப நாடு. அங்கும் மலைச்சாரல்களில் முந்திரிகைத் தோட்டங்களும் வைன் ஆலைகளும் உண்டு. உல்லாசப் பயணிகளைக் கவரும் நோக்கத்துடன் 2024 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு பிறநாட்டு வைனுக்கான இறக்குமதித் தீர்வையை நீக்கியது. உள்ளூர் ஆலைகள் அன்றுமுதல் தீர்வை என்னும் வேலியின்றி உலகத்தோடு போட்டியிடவேண்டியதாயிற்று. ஒரு சட்டத்தின் மறைவிலே நிற்கும் விலை, இன்னொரு சட்டத்தினால் ஒரே நாளில் மாறிவிடும்.

இவற்றோடு தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கை ஒப்புநோக்குக. அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை பெரிதும் உண்ணும் பழமாகவே சந்தைக்குச் செல்கின்றது. ஒரு தோட்டத்தில் கத்தரிப்பு, அடுத்ததில் அறுவடை என்று ஆண்டு முழுவதும் அங்கே பழம் கிடைக்கும். 2023 ஆம் ஆண்டில் அப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களுடைய பெயர் பழத்தின் தரத்தினால் வந்தது. அதனை வாங்குவோர் ஒருவரல்லர், பலர்.

நமது பனையின் படிப்பினை

தூரதேசம் போகவும் வேண்டியதில்லை. நமது மண்ணின் மது பனங்கள்ளே. 1972 ஆம் ஆண்டில் வடபகுதியிலே சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. 1978 ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. வடமராட்சியின் திக்கத்திலே பனஞ்சாராய வடிசாலை எழுந்தது. தனித்தனியே நின்ற தொழிலாளி தனது கள்ளை அளந்து கொடுத்துக் கணக்குப் பெறும் இடம் உண்டாயிற்று. 2009 வரை நீடித்த போரிலே பெருந்தொகையான பனைகள் அழிந்தன, தொழிலும் நலிந்தது. ஆயினும் அச்சங்கங்கள் கற்பித்த பாடம் அழியவில்லை.

பாடம் யாதெனில், தரம் என்பது முட்டியிலே தொடங்குகின்றது. பாளையிலிருந்து வடியும் சாறு இனியது. சுண்ணாம்பு பூசிய முட்டியில் அது கருப்பநீராக நிற்கும். சுண்ணாம்பு இல்லையேல் ஒரு சில மணி நேரத்தில் நொதித்துக் கள்ளாகும். ஒருநாள் கழிந்தால் புளித்துக் காடியாகும். கழுவாத முட்டியிலே இறக்கிய கள்ளை எந்த வடிசாலையும் நற்சாராயமாக்க முடியாது. அதுபோலவே பிஞ்சிலே பறித்த முந்திரிகையை எந்த ஆலையும் நல்ல வைனாக்க முடியாது. எந்தச் சந்தையும் நல்ல விலைக்கு வாங்காது.

தரம் உமது கையில்

வரி அரசின் கையில். கடை விலை வியாபாரியின் கையில். பழத்தின் தரம் ஒன்றே கமக்காரன் கையில். நெல்லை நூற்றுக்குப் பதினான்குக்கு மேற்படாத ஈரத்துக்குக் காயவைத்தவனுக்கும், ஈரத்தோடு கொண்டு சென்றவனுக்கும் நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியத்திலே கிடைக்கும் வரவேற்பின் வேறுபாட்டை நீவிர் அறிவீர். நெல்லுக்கு ஈரம் எப்படியோ, முந்திரிகைக்கு இனிப்பு அப்படி.

சாற்றில் இலீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் நொதித்தபின் நூற்றுக்கு ஒரு பங்கு மதுசாரம் உண்டாகும். பன்னிரண்டு பங்கு வேண்டுமாயின் 204 கிராம் சர்க்கரை வேண்டும். நமது பழம் அவசரத்தில் பறிக்கப்பட்டு 150 கிராம் மட்டுமே கொண்டிருந்தால் ஒன்பது பங்குகூடத் தேறாது. அத்தகைய வைன் மெலிந்தது, விரைவிற் கெடுவது. மது செய்வோன் பழத்தை இனிப்பு அளக்கும் கருவியினால் அளந்தே விலை கூறுவான். உண்பவன் நாவினால் அளப்பான். இருவரிடமும் தப்ப முடியாது.

யான் எனது இருப்பிடத்தின் பின்புறத்தில் பன்னிரண்டு கொடிகள் வைத்திருக்கின்றேன். முதலாம் பறிப்பின்போது, சந்தையில் விலை உண்டு என்று ஒருவர் கூறியதைக் கேட்டு, நிறம் கறுத்தவுடன் பறித்துவிட்டேன். பழம் புளித்தது. கூடையிலே பாதி திரும்பி வந்தது. அடுத்த முறை இரண்டு வாரம் பொறுத்தேன். வாங்கியவர்களே வீடு தேடி வந்து மீண்டும் கேட்டனர். போதனாசிரியரும் பிழைவிட்டே கற்றுக்கொள்கின்றார் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை.

தரம் பெறுதற்குரிய வழிகளைச் சுருக்கமாகக் கூறுவோம்.

1. நிலம்: நெல்வயல் நிலம் ஆகாது. வேரடியில் நீர் நின்றால் கொடி அழுகும். நீர் வடியும் மேட்டு நிலத்தையே தெரிக. வரிசைக்கு வரிசையும் கொடிக்குக் கொடியும் ஏறத்தாழ பத்தடி இடைவெளி விடுக. இரண்டடி ஆழமும் அகலமும் உள்ள குழியில் மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புக. பந்தர் ஆறு முதல் ஏழு அடி உயரம் இருப்பின் காற்றும் ஒளியும் புகும், பறிப்பதும் எளிது.

2. கத்தரித்தல்: குளிர்நாட்டிலே கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். நமது நாட்டில் உறக்கம் இல்லை. கத்தரிக்கோலே அதற்குக் குளிர்காலம். கத்தரித்த நாளிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 120 நாளிற் பழம் முதிரும். ஆதலின் பழம் முதிரும் நாளில் மழை வராதபடி கத்தரிக்கும் நாளைத் தெரிதல் வேண்டும். மாரி ஓய்ந்தபின் தை மாதத்திற் கத்தரித்தால் வைகாசியில் வெயிற்காலத்திற் பழம் கிடைக்கும். ஆனி முற்பகுதியில் மீண்டும் கத்தரித்தால், ஐப்பசி மழை தொடங்குமுன் புரட்டாசியிற் பறித்துவிடலாம். மார்கழி மழையில் முதிரும் பழம் வெடிக்கும், அழுகும், இனிப்புக் குன்றும்.

3. குலை அளவு: கொடி தாங்குமளவுக்கு மேல் குலை விட்டால் ஒன்றும் நன்கு இனிக்காது. நலிந்த குலைகளை இளமையிலேயே நீக்குக. பத்துக் குலை புளிப்பதிலும் ஏழு குலை இனிப்பது மேல்.

4. நோய்: கீழ்ப்பூஞ்சண நோய் இக்கொடியின் பெரும் பகை. ஈரமான நாட்களில் இலையின் அடிப்புறத்தில் வெண்மையாகப் படரும். இந்நோய்க்கெதிராகவே பிரான்சு நாட்டுப் போர்டோப் பகுதி முந்திரிகைத் தோட்டங்களில் மில்லார்டே என்னும் அறிஞர் துருசும் சுண்ணாம்பும் கலந்த கலவையை 1885 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். அதுவே நாம் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் தெளித்துவந்த போர்டோக் கலவை. ஒரு கிலோத் துருசு, ஒரு கிலோச் சுண்ணாம்பு, நூறு இலீற்றர் நீர் என்பது வழக்கமான அளவு. துருசை மரம் அல்லது பிளாத்திக்குக் கலத்திற் கரைக்கவேண்டும். இரும்புக் கலம் ஆகாது. கலந்தபின் தீட்டிய இரும்புக் கத்தியைத் தோய்த்துப் பார்க்குக. செம்புநிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். எந்த மருந்தாயினும், பறிப்புக்கு முன் விடவேண்டிய நாட்கணக்கை மருந்துப் போத்தலின் சுட்டியிலே வாசித்து அவ்வாறே நடத்தல் வேண்டும். மருந்து படிந்த பழம் உண்போர்க்குத் தீது. வைன் ஆலையிலும் அது நொதித்தலைத் தடுக்கும்.

5. பறித்தல்: மாங்காயும் வாழைக்காயும் பறித்தபின் பழுக்கும், முந்திரிகை பழுக்காது. பறித்த நாளின் இனிப்பே கடைசிவரை இனிப்பு. நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். குலையின் நுனியிலுள்ள பழமே கடைசியில் இனிக்கும். அதனைச் சுவைத்துப் பார்க்குக. விதை பச்சை நிறம் மாறிக் கபில நிறமாயிருத்தல் வேண்டும். பறிப்புக்கு ஒரு வாரத்துக்கு முன் நீரைக் குறைக்குக. வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வைக்குக.

பெரியவருக்குக் கூறிய விடை

அன்று கூட்டத்திலே அப்பெரியவருக்கு யான் கூறியதையே இங்கும் கூறுகின்றேன். நகையை அடைவு வைக்கவேண்டாம். ஒரு ஏக்கரும் வேண்டாம். கிணற்றடியில் பத்து அல்லது பன்னிரண்டு கொடி வையுங்கள். உண்ணும் பழ இனத்தையே வையுங்கள். கத்தரிக்காயும் மிளகாயும் வைக்கும் தோட்டத்தை அதற்காகக் குறைக்கவேண்டாம். இரண்டு போகம் பழம் பறித்து, செலவையும் வரவையும் கொப்பியில் எழுதுங்கள். கிளிநொச்சிச் சந்தையிலும், வீதியோரத்திலும், வீட்டு வாசலிலும் விலை எப்படி என்று பாருங்கள். அதன்பின் கூட்டுவதா, நிறுத்துவதா என்பதை உமது கொப்பியே கூறும்.

வைனுக்குப் பழம் வேண்டும் என்று எவரேனும் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். அனுமதிப்பத்திரம் உண்டா? எந்த இனிப்பு அளவுக்கு எந்த விலை? வரி உயர்ந்து விற்பனை குறைந்தால் எமது விலை என்னாகும்? எத்தனை ஆண்டுக்கு வாங்குவீர்? இந்நான்குக்கும் விடை எழுத்தில் வந்தால் கமநல சேவை நிலையத்திலே காட்டி ஆலோசனை பெற்றபின் கையொப்பமிடுங்கள். வாய்ச்சொல்லாய் வந்தால் உண்ணும் பழச் சந்தையை விட்டு விலகவேண்டாம். தனித்து நிற்பதிலும் அயலவர் பத்துப்பேர் சேர்ந்து பேசினால் விலை சொல்லும் வலிமை வரும்.

பழம் மிகுந்த நாளில் மதுவன்றி வேறு வழிகளும் உண்டு. சாறு, பாகு, ஜாம், உலர்முந்திரிகை என்பவற்றுக்கு மதுவரி இல்லை. செய்முறையை விவசாய விரிவாக்க நிலையத்தில் மகளிருக்கு நடத்தப்படும் வகுப்புகளிற் கற்கலாம்.

கூட்டம் கலைந்தபின் பெரியவர் அருகே வந்தார். “அப்படியென்றால் போத்தல் விலை என்னுடைய விலையல்ல” என்றார். “இல்லை ஐயா. பழத்தின் விலைதான் உங்களுடையது. அதையும் நீங்கள் பறிக்கும் நாள்தான் தீர்மானிக்கும்” என்றேன். சிரித்துக்கொண்டு வாய்க்காற்கட்டு வழியே நடந்தார். அடுத்த மாரிக்கு முன் பன்னிரண்டு குழி வெட்டியிருந்தார். பந்தருக்குக் கம்பி வாங்கும் பணத்தை மிளகாய் விற்றே தேடினார் என்றும், நகை வீட்டிலேயே இருக்கின்றது என்றும் அவர் மனைவியார் கூறினார்.

நினைவில் வைக்கவேண்டியவை

போத்தலின் விலையிற் பெரும்பங்கு வரியும் வியாபாரச் செலவுமே. பழத்தின் பங்கு சிறிது.

வரி உயர்வது பழ விலை உயர்வதாகாது.

ஒரே வாங்குவோனை நம்பி மதுவுக்கான இனத்தை நடுவது ஆபத்து. உண்ணும் இனத்துக்குச் சந்தைகள் பல.

அனுமதியின்றி மது செய்து விற்றல் சட்டவிரோதம்.

மழைக்குத் தப்பும்படி கத்தரிக்குக, இனித்தபின் பறிக்குக.

சிறிதாகத் தொடங்குக, கணக்கு எழுதுக, கடன்பட்டுப் பந்தர் போடாதீர்.

மேலதிக விபரங்களை உமது பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் நேரிற் கேட்டறிந்து கொள்ளலாம்.